ரோதையில் சுற்றிய மாலை

ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தோட்டம். அங்கே தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தண்ணீர் விழுந்து சுற்றும் பெரிய சக்கரத்தை ரோதை என்போம். அதில் வாரைப் பூட்டிக் கரண்டு எடுத்தார்கள். ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் விளக்கு வந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரவில்லை. லயத்துப் பீலியில் விழுந்த தண்ணீர்தான் ரோதைக்குப் போயிற்று.

ரோதைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு கம்பிவலை. அதில் சேரும் குப்பையை வாருவது என் வீட்டுக்காரர் வேலை. ரோதை ஆள் கேட்கும் என்று எல்லோருக்கும் பயம். அதனால் பக்கத்திலேயே ரோதைமுனிக்குக் கல் நட்டுச் சேவல் அறுப்போம். சாமிக்குப் போட்ட மாலை காலில் மிதிபடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். "வாய்க்கால்ல மட்டும் போட்டுறாத, கீழ ஆத்துல போடு" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

நானா கேட்பேன்? அந்தப் பூசையை அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். மாலை முனியின் தண்ணீரிலேயே போகட்டும் என்று பிடிவாதம். வலைக்கு மேலே விட்டால் வாரி எறிந்துவிடுவார் என்று வலையைத் தாண்டிப் போட்டேன்.

அன்று துரையின் விருந்தாளி ஸ்டோரைப் பார்க்க வந்திருந்தார். அவர் ஊரில் கடல் அலையிலிருந்தே கரண்டு எடுக்கப் பார்க்கிறார்களாம். கணக்கப்பிள்ளை அதை எங்களுக்குச் சொல்லிப் பூரித்துப் போனார். ஊரைவிட்டுக் கப்பலில் குடல் வெளியே வர வாந்தியெடுத்து வந்தவள் நான். அலையில் ரோதை வைத்தால் அங்கே குப்பை வாருகிறவன் கதி என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போதே விளக்கு மங்கியது. மாலையின் வாழைநார் ரோதை அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது. வாய்க்கால் பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்த பிறகுதான் அங்கே கை வைக்கவேண்டும். வீட்டுக்காரர் பலகையை நோக்கிப் போனார். விருந்தாளி முன்னால் விளக்கு அணையக்கூடாதாம். "நிப்பாட்டாம எடுடா" என்றார் வாசலில் நின்ற துரை.

எடுத்தார். ரோதை அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது. விருந்தாளி மெச்சித் தலையாட்டியதை நான் பார்த்தேன். நாசமாய்ப் போக.

பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோது தோட்டத்தில் அவர் பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. மாலை போட்டது யார் என்று விசாரணை வேறு. கங்காணி லயத்துக்கு வந்து, "உசுரு தப்புனது ஒன் பூசையாலதாம்மா" என்று என்னைப் புகழ்ந்தார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கங்காணி போனதும் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்த நாருல இருந்தது ஒன் முடிச்சு. தொட்டதுமே தெரிஞ்சுச்சு. யாருகிட்டயும் சொல்லிறாத. ஒன் பேரையும் வெட்டிட்டா கஞ்சிக்கு எங்க போறது?"

ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அறைகிற கையைத்தான் நான் ரோதைக்குக் கொடுத்துவிட்டேன்.