விடுங்கண்ணா என்றாள், விட்டேன்

பதினைந்து வருடமாக ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் எதையாவது நசுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. கம்பி, காங்கிரீட், செங்கல், எல்லாவற்றின் வீறாப்பையும் பார்த்தாயிற்று. டைட்டானியம் வந்தபோதும் 'இது என்ன பெரிய கொம்பா?' என்றுதான் நினைத்தேன்.

கொண்டுவந்தவள் கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவி. சுண்டுவிரல் நுனியளவு டைட்டானியக் கலவை உருளைகள் நான்கு, மாத்திரை டப்பாவில். அவளே ஒரு முறைப்படி சூடாக்கி ஆறவைத்தவை. அமுக்க அமுக்க அது இன்னும் இறுகுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. கிரீஸ் போதாமல் உரசியதில் முதல் மூன்றும் நடுவே பிதுங்கிப் பணியாரம் மாதிரி ஆகிவிட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இன்னொரு துண்டு அதற்குள் வராது.

கடைசி உருளைக்கு இரண்டு பக்கமும் கிரீஸை நானே தாராளமாகத் தடவி, மெஷினை ஓட்டினேன். திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு நேராக ஏறியது, ஓரிடத்தில் வளைந்தது. உருளை நசுங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கோடு இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"ஏம்மா, ஏறிக்கிட்டே போவுதே! மெஷினு தாங்குமா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "விடுங்கண்ணா!" என்றாள்.

விட்டேன். வால்வைத் திறந்து, அழுத்தம் மொத்தத்தையும்.

கோடு மடமடவென்று கீழே விழுந்தது. "ஐயோ, என்னாண்ணா பண்ணீங்க! அது பாட்டுக்குப் போவட்டும், விடுங்கன்னுல்ல சொன்னேன்!"

"விடுன்னா விடுறதுதானே? தமிழ்லதானே சொன்ன?" என்று எகிறினேன். தப்பு என் பக்கம் இருந்தால் எனக்கு வாய் நீளும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் திரும்பி வால்வை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "மறுபடி ஏத்துங்கண்ணா. என்னாதான் ஆவுதுன்னு பாத்துடுவோம்."

ஏற்றினேன். முதலில் வளைந்த இடம் வந்தது. கோடு வளையவில்லை, சட்டை செய்யாமல் நேராகத் தாண்டிப் போனது. நான் விட்ட அதே உயரத்துக்கு வந்த பிறகுதான் வளைந்து, மறுபடி மேலே நகர்ந்தது. வாங்கிய அடி அத்தனையும் அதற்குள் பலமாகச் சேர்ந்திருந்தது. அடேயப்பா, அந்த அளவில் இருந்துகொண்டு என்ன வீம்பு!

"பாத்தீங்களாண்ணா, முன்னவிட முரண்டு புடிக்குது!" என்று கைதட்டினாள்.

அவளுடைய வாய்மொழித் தேர்வன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் திரையில் கோடு விழுந்து எழுந்த அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். வேண்டுமென்றே செய்த சோதனை என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க லேப் அண்ணன் தவறிப்போய் விட்டுட்டார் சார்," என்றாள். "அவர் விட்டதாலதான், இது விட்டுக்கொடுக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுது."