மேசை அக்காவின் கறுப்பு ஷூ

அந்த ஓட்டலில் எட்டு வருடமாக வரவேற்பு மேசையில் நிற்கும் அவளை எல்லோரும் 'மேசை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. அளவெடுத்து, இடது அடியை மட்டும் உயர்த்தித் தைத்த பழுப்புத் தோல் ஷூ ஒரே ஒரு ஜோடிதான் அவளிடம் இருந்தது.

புதிதாக வந்த மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, திங்கட்கிழமை முதல் எல்லோரும் கறுப்பு ஷூ போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். புது ஜோடி தைத்து வர ஒரு மாதம் ஆகும் என்றாள் அக்கா.

"அதுக்கென்ன, சலவைப் பக்கம் போயிடுங்க. அங்க யாரும் உங்க காலைப் பாக்கப் போறதில்ல," என்றார்.

அட, இவருக்கு நிறமா பிரச்சினை? அவள் தாங்கித் தாங்கி நடப்பதல்லவா கண்ணை உறுத்தியது! சலவைக்குப் போன யாரும் முன்பக்கம் திரும்பி வந்ததில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் தோலுக்குப் போடும் கறுப்புச் சாயம் ஒரு புட்டி வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பால்கனியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். சாயம் பிடித்தால்தானே! தடவிய இடமெல்லாம் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. ஷூ முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! ஒட்டவே மாட்டேங்குது!"

பஸ் மெக்கானிக்கான கணவன் வந்து விரலால் தேய்த்துப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. ஞாயிறு தவறாமல் அந்த ஷூவுக்கு மெழுகு பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பது அவன்தான்.

"எல்லாம் நான் பூசின மெழுகு. கிரீஸைத் துடைக்காம பெயின்ட் அடிச்சா நிக்காதுன்னு தெரிஞ்ச எனக்கு, இது தோணலையே!"

"ஆசையா பூசினீங்கல்ல? இப்ப ஆசையா சுரண்டுங்க!"

நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து ஆளுக்கொரு ஷூவாகத் துடைத்தார்கள். மெழுகும் பழைய நிறமும் போய்த் தோல் வெளிறியது. பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. ஞாயிறு முழுக்கக் காயவிட்டு, துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும் வரை உரசி, கடைசியில் நிறத்தைக் காக்கும் மேல்பூச்சும் போட்டாள். துணி வேறெதுவுமில்லை, அவனுடைய புதுப் பனியன்தான். அவனே எடுத்து நீட்டினான். நீட்டாமல் முடியுமா?

திங்கட்கிழமை நல்ல மழை. நனைந்த ஷூவோடு உள்ளே வந்தவளை மேனேஜர் வாசலிலேயே நிறுத்தினார்.

"சாயம் அடிச்சதா? முன்னாடி போட்டிருக்கிறது வெள்ளைக் கார்ப்பெட். ஒரு கறை பட்டுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

விருந்தாளிகள் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடமும் யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாகவே மேசைக்குப் போனவள் அவள். அன்றைக்கு அவளுக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ! கார்ப்பெட்டின் நட்டநடுவில் இறங்கினாள். அழுத்தி மிதித்து, ஏறி இறங்கும் அதே நடையில், அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

மேனேஜர் குனிந்தார். கார்ப்பெட்டை விரலால் தொட்டார், விரலைப் பார்த்தார். வெறும் மழைத் தண்ணீர்.

"நல்லா பாத்துக்கோங்க சார். வேணும்னா மறுபடியும் நடக்கிறேன்."

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் மேசைக்குப் போனாள், கார்ப்பெட்டின் நடுவழியாகவே.