ஊர்க்காவலன் அண்ணாச்சியின் கொக்கி

"பத்த வைக்கப் போறேன்" என்று அடுப்படியிலிருந்து பொன்னுத்தங்கம் மதினி குரல் கொடுத்ததும், ஊர்க்காவலன் அண்ணாச்சி கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டுச் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று தன் வீட்டையே பார்ப்பார். "எரியுதுங்க, வாங்க" என்று இரண்டாவது குரல் வந்தால்தான் உள்ளே போவார். காலையிலும் இதே கதை, சாயங்காலமும் இதே கதை. மழை பெய்தால் குடையோடு நிற்பார்.

சிவகாசியில், அதுவும் தீப்பெட்டி ஆபீஸ்கள் என்கிற தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் தெருவில், ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காத மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். வேனிலிருந்து இறங்குகிற ஆண்களின் மடியையும் சட்டைப் பையையும் தடவி, பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் இல்லை என்று பார்த்து உள்ளே விடுவது அவர் பொறுப்பு. வருஷக்கணக்காகத் தீயை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திப் பழகியவர், வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா என்ன.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே பைத்தியம், ரயில். மதினியின் தம்பி ராஜபாண்டியன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, கரண்டில் ஓடுகிற சின்ன ரயில். கட்டிலடியில் புறப்படும் தண்டவாளம் பீரோவைச் சுற்றிக் கட்டிலடிக்கே திரும்பும். வழியில் விருதுநகர் ஜங்ஷன் உண்டு. நான் அச்சகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த காலண்டர் அட்டையில் செய்தது. பிளாட்பாரத்தில் சரக்கு இல்லாமல் அது என்ன விருதுநகர் என்று நிஜ மிளகாய் வற்றலையே அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பக்கம் குனிந்து பார்க்கிறவர்கள் தும்முவார்கள்.

போன ஆடி மாதத்தில் இன்ஜினின் பின்பக்கக் கொக்கி கழன்று விழுந்தது. பெட்டிகளை இழுக்கிற கொக்கி அதுதான். இன்ஜின் தனியாக ஊர் சுற்றியது. பெட்டிகள் ஜங்ஷனிலேயே கிடந்தன. நூலால் கட்டிப் பார்த்தார், வளைவில் கவிழ்ந்தது. ஒட்டிவிடலாம் என்றால், கொக்கியின் வழுக்குப் பிளாஸ்டிக், எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி எதன் பிடிக்கும் அகப்படவில்லை.

அவரும் விடவில்லை. மரவேலைப் பசை, பஞ்சர் கடைப் பசை, செருப்புத் தைக்கிறவரிடம் கெஞ்சி வாங்கிய மஞ்சள் பசை, பட்டாசுக் குழல் உருட்டுகிற மைதாப் பசை என்று வரிசையாகப் போட்டார். எதுவானாலும் காய்ந்த பிறகு லேசாகத் தொட்டால் போதும், பசை தனியாகவும் பிளாஸ்டிக் தனியாகவும் வந்துவிடும்.

"அதுக்கு ஒட்டுறதுக்கு மனசே இல்ல தம்பி," என்பார் என்னிடம். "மத்த எல்லாம் ஒட்டுது."

அது உண்மைதான். நாளிதழ் மேஜையோடு ஒட்டியது. மதினியின் மூக்குக் கண்ணாடி ஜன்னல் கட்டையோடு ஒட்டியது. ஒருநாள் காலையில் அவசரப் பசை போட்டு அழுத்தியதில், கொக்கி கீழே விழுந்தது. மாட்டிப் பார்க்கப் பிடித்திருந்த சரக்குப் பெட்டி அவருடைய கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே வேலைக்குப் போனார். கம்பெனி வாசலில் வழக்கம்போல் முதலில் தன்னைத்தானே தடவிப் பார்த்தார். அனுமதியில்லாத பொருள் கையிலேயே இருந்தது. "உள்ள போகப்படாது" என்று தனக்கே சொல்லிவிட்டு, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்தார்.

இதெல்லாம் ராஜபாண்டியன் காதுக்குப் போனது. "ஓடாத ரயிலு ஒங்களுக்கு எதுக்கு அத்தான்?" என்றார் போனில். "தீவாளிக்கு வாரேன். ஓடுனா ஒங்களுக்கு. ஓடலைன்னா தூக்கிட்டுப் போயிருவேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. முன்பு வாங்கிக் கொடுத்த மிக்ஸியையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வினையை நான்தான் கொண்டுபோனேன். எங்கள் அச்சகத்தில் 2007 காலண்டர் சீசன் மும்முரமாக இருந்தபோது, பக்கத்து ஷெட்டில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின்மேன் செல்லக்கனி ஒவ்வொரு டப்பாவையும் தீயில் ஒரு காட்டு காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தார். "அப்பத்தான் மை புடிக்கும். இல்லன்னா வழிச்சா வந்துரும்," என்றார். மை பிடித்தால் பசையும் பிடிக்குமே என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

மடியில் பீடியோடு வேனிலிருந்து இறங்கியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "தீயிலயா," என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம், மதினி குரல் கொடுத்தால் எங்கள் சுவரை விட்டு எதிர்ச்சுவரோரம் போய் நின்றார்.

தீபாவளியன்று காலையில், ராஜபாண்டியன் வருகிற நாளாயிற்றே என்று, வேறு வழியில்லாமல் அண்ணாச்சியே என்னைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார். கடைசிப் பெட்டியின் பின்னால் சும்மா தொங்கிய கொக்கியைத் தீயில் காட்டி மதினி ஒத்திகை பார்த்திருந்தார். அது உருகிச் சொட்டிவிட்டது. "அப்பளம் சுடுற கையி, எனக்கு எங்கன வரும்?" என்றார் மதினி. கண் இமைக்கிற நேரம் காட்டி எடுக்கிற பக்குவம், தீ என்றாலே பின்வாங்கிப் பழகிய அண்ணாச்சியின் விரலுக்குத்தான் உண்டு.

கொல்லையில் மணல் வாளிகள், தண்ணீர் வாளிகள், நனைத்த சாக்கு எல்லாம் தயாராக இருந்தன. தெருவில் சரவெடி காதைப் பிளந்தது. கேட்டால், "அது வெளிய, தம்பி," என்றார். என் புதுச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "பாலியஸ்டரு. கழத்துங்க," என்றார். தீபாவளியும் அதுவுமாக வெற்றுடம்போடு நின்றேன்.

மதினி விளக்கை ஏற்றினார். அண்ணாச்சியால் தீயைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் காட்டவும் முடியாது. ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். நீட்டிய கை பாதி வழியில் பலமுறை திரும்பி வந்தது. கடைசியில் கொக்கி சுடரைத் தொட்டு மீண்டது. "அம்புட்டுத்தாங்க," என்று மதினி விளக்கை ஊதி அணைத்தார்.

இரண்டு டியூப் பசையைக் கலந்து அண்ணாச்சி கொக்கியை இன்ஜினில் வைத்து ஒட்டினார். அரைமணி நேரமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ராஜபாண்டியன் வந்து நின்றார், கக்கத்தில் காலி அட்டைப்பெட்டியோடு.

"வெளிய வண்டி நிக்கி அத்தான். ஓடுதா, இல்லயா?"

"ஓடும் மாப்ளே. சுவிச்சப் போடுங்க."

ரயில் புறப்பட்டது. அண்ணாச்சி விரலை எடுக்கவில்லை. புது வேட்டியோடு மண்டியிட்டு, இரண்டு விரலால் கொக்கியை அழுத்திப் பிடித்தபடியே ரயிலோடு தவழ்ந்தார். பீரோவைச் சுற்றினார். கட்டிலடியில் தலையைக் குனிந்து நுழைந்து மறுபக்கமாக வந்தார். திரும்பவும் சுற்றினார். மதினி முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்.

"போதும். கைய எடுங்க அத்தான், பாப்போம்," என்றார் ராஜபாண்டியன்.

விரல்கள் பிரிந்தன. இன்ஜினும் பெட்டிகளும் ஒன்றாகவே பீரோவைத் தாண்டின. ராஜபாண்டியன் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறுக்கை எடுத்தார். அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றிலும் அவர் ரயிலோடு தவழ்ந்துகொண்டிருந்தார், கொக்கிக்கு ஒரு விரற்கடை மேலே, ஒன்றுமில்லாத இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடி.