கடைசிப் பலகையின் முதுகு

தரை போடுகிறவனை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வேலை முடிகிற வரை அவனாலும் நிமிர முடிவதில்லை. எனக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலில், சங்கம் வைத்ததற்காகத் தோல் தொழிற்சாலை என்னை வெளியே அனுப்பியது. அடுத்து, அதைக் கண்டித்து நோட்டீஸ் அடித்ததற்காகச் சிறைக்குப் போனேன். மூன்றாவதாக, திரும்பி வந்து பார்த்தால் சங்கம் முதலாளியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு என்னை நீக்கியிருந்தது. துண்டுப் பிரசுரங்களிலேயே படிப்பு முடிந்துபோன எனக்குக் கடைசியில் கணியம்பாடிப் பக்கம் மரத்தரை போடும் கடையில்தான் இடம் கிடைத்தது. முட்டி தேய்ந்த தோழர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எது மரம்?

ஜவ்வாது மலையில் வேலூர்க்காரர் ஒருவர் ஓய்வு வீடு கட்டினார். லேமினேட்டா, இன்ஜினியர்டு உட்டா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். இன்ஜினியர்டில் மேலே மெல்லிசாக நிஜ மரம், கீழே பிளைவுட். கீறல் விழும், ஆனால் இழைத்துச் சரிசெய்யலாம். லேமினேட் என்பது மரத்தூளை அழுத்தி, மேலே மரத்தின் படத்தை ஒட்டியது. சுலபத்தில் கீறாது, ஆனால் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும், பிறகு எடுத்துப் போட வேண்டியதுதான். இரண்டுமே தண்ணீருக்கு ஆகாது. லேமினேட் சுத்தமாக ஆகாது.

அவர் வீட்டில் நாய் இருந்தது. லேமினேட் என்று முடிவாயிற்று. என்னோடு வேலை செய்யும் வெள்ளையன் அந்த மலைக்காரன். கலப்பைக்குக் காட்டில் ஒரு கிளை வெட்டியதற்காக வன இலாகா போட்ட கேஸில் அவன் அப்பா கோர்ட்டுக்கு அலைந்தவர். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “நல்ல சரக்கு தோழர்ணா. இதுக்கு எவனும் கேஸ் போட முடியாது, மரமே இல்லியே.”

பென்சில்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அறையில் கடைசிப் பலகையைச் சுவரோரம் செருகுவதற்கு முன், அதன் முதுகில் போட்டவன் தன் பேரை எழுதுவான். ஆரம்பித்து வைத்தவன் நான். உழைத்தவன் பேர் கல்வெட்டில் வராது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலாவது இருக்கட்டும் என்று முதல் நாளே ஒரு சின்னப் பிரசங்கம் செய்திருந்தேன்.

அந்த வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. ஹாலைப் போட்டவன் வெள்ளையன். பென்சிலை நாக்கில் தொட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல நிதானமாக எழுதினான். எழுதியதைச் சற்று நேரம் பார்த்தான். “எங்க வூட்டுக் கதவுல கூட எம் பேர் இல்ல தோழர்ணா.”

வெள்ளிக்கிழமை

வீட்டைப் பார்த்துக்கொள்ள வெள்ளையனின் தங்கை ராணியை வைத்தார்கள். அந்த வேலை கிடைத்த பிறகுதான் அவள் கேரளா எஸ்டேட்டுக்குப் போவதை நிறுத்திப் பிள்ளைகளோடு மலையில் தங்கினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஹால் தரை ஊதிவிட்டது என்று போன் வந்தது. கடை முதலாளி வருவதற்கு முன்னால் வெள்ளையனும் நானும் போய்ச் சேர்ந்தோம். இணைப்புகளெல்லாம் வரப்பு மாதிரி எழும்பியிருந்தன. ஈரத்துணியால் துடைத்தாயா என்று ராணியைக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “தொடைக்கறதா? வெள்ளிக்கிழமையானா பக்கெட்டு பக்கெட்டா ஊத்தி, தொடப்பத்தால தள்ளிக் கழுவி வுடறேன். சாமி வெளக்கு ஏத்தற வூட்ட இன்னான்னு நெனச்சீங்க?”

வெள்ளையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். எத்தனையோ ஆலை கேட் முன்னால் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “நீ எனக்காகப் பேச வேணாம் தோழர்ணா. பேசாத இருந்தாவே போதும், அவ பொழச்சிப்பா.”

சாட்சிகள்

முதலாளி வந்தார். வீட்டுக்காரரும் வார்டு மெம்பரும் உடன் இருந்தார்கள். அடியிலிருக்கும் சிமெண்ட் காய்வதற்குள் எவனோ பலகை போட்டிருக்கிறான் என்று முதலாளியே ஒரு காரணம் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் வீட்டில் தப்பு என்று சொல்ல அவருக்கு மனம் வராது. ஹாலை யார் போட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வெள்ளையன் என் கையைப் பிடித்து அழுத்தினான். கதவோரம் ராணி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். எதற்கு இந்தக் கூட்டம் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

“பேர் எழுதற ஆளுங்கதானே நீங்க” என்று சொல்லி, முதலாளி சுவரோரப் பட்டையைப் பெயர்க்கச் சொன்னார். கடைசிப் பலகையை நெம்பி எடுத்துத் திருப்பினார். ஊதிப் பிளந்த பலகையிலும் எழுத்து கலையாமல் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசித்தார்: “வெள்ளையன்.”

லேமினேட்டா இன்ஜினியர்டா என்று இப்போது கேட்கிறவர்களிடம், எதைப் போட்டாலும் தண்ணீர் கீழே இறங்கும், பேர்தான் மேலே வரும் என்று சொல்லிவிடுகிறேன்.