குடிபோகாத வீடுகள்

என் சித்தப்பாவுக்கு ஊரில் பாதி வீடுகள் பழக்கம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மூலைதான். மின்சார மீட்டர் இருக்கும் மூலை. படிக்கட்டுக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், பக்கவாட்டுச் சந்தில் துணி காயும் கயிற்றுக்கு அப்பால் என்று எங்கே மீட்டர் மாட்டியிருக்கிறதோ, அதுவரைக்கும்தான் அவருக்கு அனுமதி. எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

"எத்தனையோ வருஷமா போறேன். அந்தப் பச்சை கேட் வீட்டுல ஹால் எந்தப் பக்கம் இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்பார். அதில் மனக்குறை இருக்காது. பாதியில் விட்டுவிட்டு வந்த கதையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

மீதிக் கதையைத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தோம்.

அப்பாவுக்கு அடிக்கடி இடமாற்றம் வரும் வேலை. பள்ளி மாறி மாறி என் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள் சிட்டு, நான். ஒரு ஹால், ஓர் அறை, குனிந்து நிமிர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும் சமையலறை. சித்தி ஹாலிலேயே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்தார். மாடியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். வாரக் கடைசியானால் என் வகுப்புப் பிள்ளைகள் சினிமா, ஓட்டல் என்று கிளம்புவார்கள். எங்களுக்கு அதெல்லாம் எட்டாக் கனி. நாங்கள் நடப்போம். நடப்பதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

அப்படி நடந்த ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு முகப்பில் ஒதுங்கினோம். அங்கே 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கதவைத் திறந்த அம்மாள், "வீடு பாக்க வந்தீங்களா? நனையாதீங்க, உள்ள வாங்க" என்றார். இல்லை என்று சொல்லத்தான் சித்தப்பா வாயைத் திறந்தார். திறந்த கதவு வழியாக, கூடத்தைத் தாண்டி ஒரு முற்றம், அதற்கப்பால் ஓர் ஊஞ்சல் தெரிந்தது. "ஆமாங்க" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்றால் அதற்குச் சட்டதிட்டம் வேண்டாமா? சித்தப்பா வகுத்தார். காலி வீடாக இருக்க வேண்டும். குடியிருப்பவர்களின் அந்தரங்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம், காபி கொடுத்தால் மறுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகையைப் பற்றிப் பேரம் பேசவே கூடாது. "பேரம் பேசினா அவங்க நம்பிடுவாங்க. பாக்குறது பாவமில்ல, நம்ப வெக்கிறதுதான் பாவம்" என்பார். வாடகையைக் கேட்டதும், "கொஞ்சம் அதிகம்தாங்க, எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று உண்மையைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

உண்மையான விளையாட்டு அதற்குப் பிறகுதான். பூங்காவில் ஒரு நீள பெஞ்சு. கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. பார்த்துவிட்டு வந்த வீட்டில் அங்கே உட்கார்ந்தபடியே குடியேறுவோம். யாருக்கு எந்த அறை, கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது, விருந்தாளி வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று பேச்சு சூடு பிடிக்கும்.

"மாடி அறை எனக்கு" என்பாள் சிட்டு.

"ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்புறவளுக்கு மாடி அறை கேக்குதா?" என்பேன்.

"ஏங்க, அலமாரியைக் கொண்டுபோய் வாசலுக்கு நேரா வெக்கிறீங்களே, வர்றவன் போறவன் எல்லாம் நம்ம துணியை எண்ணிப் பாக்கவா?"

"நம்மகிட்ட எண்ணிப் பாக்குற அளவுக்கா துணி இருக்கு?"

சித்தி முறைப்பார். ஒருமுறை, நாங்கள் ஒருநாளும் போய் இருக்கப்போவதில்லாத ஒரு வீட்டில், சித்தப்பா தன் அண்ணனுக்கென்று ஒதுக்கிய அறையைச் சித்தியின் தங்கைக்குத் தர மறுத்துவிட்டார். சித்தி செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவரோடு பேசவில்லை.

பள்ளியில் வேறொரு மொழியில் பாடம். வாரக் கடைசியை எப்படிக் கழித்தாய் என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். நானும் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் எழுதினேன்: இந்த வாரம் ஆற்றைப் பார்த்த ஜன்னலுள்ள வீட்டில் எனக்கு அறை கிடைத்தது, போன வாரம் மூன்று வாசல் வீடு. டீச்சர் சித்தியை வரச்சொல்லி, "ஏங்க இப்படி வாரா வாரம் வீடு மாத்துறீங்க? பிள்ளை பாவம் இல்லையா?" என்று கண் கலங்கினார். சித்தி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியபோது, சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

இப்போது நான் இருக்கும் நாட்டில் வீடு பார்ப்பதற்கு நேரம் கேட்டு வாங்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். சம்பளச் சீட்டு, விசா நகல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் இது கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற கணக்குத்தான் ஓடும். ஜன்னல் இருந்ததா என்பதே வெளியே வந்த பிறகு நினைவிருப்பதில்லை. வீடு பார்ப்பதைப் போல ஆனந்தம் உலகத்தில் இல்லை என்று நம்பியவள் நான் என்றால் இங்கே யார் நம்புவார்கள்?

அன்றைக்கும் ஒருவர் நம்பவில்லைதான்.

அந்த ஞாயிறு நாங்கள் சிரித்துக்கொண்டே தெருமுனை திரும்பினோம். சிட்டு முன்னால் ஓடினாள். "ஐ! இங்க ஒரு வீடு காலியா இருக்கு!" என்று கத்தினாள். பழக்க தோஷம். கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது, பலகை தொங்குவது எங்கள் கேட்டில் என்று.

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்றிருந்தார்.

"வாங்க. வீடு பிடிச்சுதா?"

"எந்த வீடும்மா?" என்றார் சித்தப்பா.

"இன்னைக்குப் பாத்த வீடு. போன வாரம் பாத்த வீடு. தரகர் எல்லாத்தையும் சொல்லிட்டார் தம்பி. ஊர்ல இவங்க ஏறி இறங்காத வீடே இல்லம்மா, உங்களுக்கு மட்டும்தான் தெரியலன்னு என் முகத்துக்கு நேரா சிரிக்கிறார். போறவங்களை நான் கையைப் பிடிச்சா இழுக்கப் போறேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கீழ நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் மேல நிம்மதியாத் தூங்குறேன்."

குரல் உடைந்தது. அதை மறைக்கக் கோபத்தைக் கூட்டிக்கொண்டார். "மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க. தரகர்கிட்ட சொல்லியாச்சு."

சிட்டு ஓடிவந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்த அம்மா வாடகையை ஏற்றியதே இல்லை. ஊரிலுள்ள காலி வீடுகளையெல்லாம் பார்த்து முடித்தவர் சித்தப்பா. எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு அதில் ஒன்றுகூட இல்லை என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஊர்க் கோடிக்குப் போனால் சித்தியிடம் தைக்கக் கொடுப்பவர்கள் அங்கே வரமாட்டார்கள். பள்ளி தூரமாகிவிட்டால் என்னை அப்பாவிடமே அனுப்பிவிடுவார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

"போய் உள்ளதைச் சொல்லுங்க" என்றார் சித்தி.

"என்னன்னு சொல்றது? வேலை வெட்டி இல்லாம ஊரான் வீட்டை வேடிக்கை பாத்துட்டுத் திரியுறோம்னா?"

"அதைத்தான் செய்றோம். அதையே சொல்லுங்க."

போனார். போன சூட்டோடு திரும்பி வந்தார்.

"சும்மா பாக்குறதுக்கு அது என்ன மிருகக்காட்சி சாலையா தம்பின்னு கேக்குறாங்க. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கன்னு வேற சொல்லிட்டாங்க."

சித்தி மெஷினில் பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே மாடி ஏறினேன்.

"அம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்ககூட வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் பலகையைப் பத்திப் பேசுங்க."

"நான் எதுக்கும்மா வரணும்?"

"அன்னைக்கு உங்களுக்கு வேற எங்கயாவது போக வேண்டியிருக்கா?"

வீட்டுக்காரம்மா அந்த வீட்டிலேயே பிறந்து, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரைக் கட்டி, அவரையும் அந்த வாசலிலிருந்தே வழியனுப்பியவர். அவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான்.

வந்தார். கைப்பையை மார்போடு அணைத்தபடி, எங்களோடு வருகிறவர் போலவும் வராதவர் போலவும் நாலடி தள்ளியே நடந்தார். அன்று நாங்கள் போனது ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவரின் காலி வீட்டுக்கு. நல்ல வெளிச்சமான வீடு. சமையலறையில் ஆள் உயரத்துக்கு ஜன்னல், அதன் வழியாக ஒரு வேப்பமரம். சித்தி அங்கே போய் நின்றவர் நின்றவர்தான்.

வீட்டுக்காரம்மாவுக்கு எங்கள் சட்டதிட்டம் எதுவும் தெரியாது. சொல்ல எங்களுக்கும் தோன்றவில்லை. அவர் குழாய்களைத் திறந்து பார்த்தார். கதவுகளைச் சாத்திப் பார்த்தார். பின்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "டாக்டர், இங்க வாங்க" என்றார்.

"என்னம்மா?"

"உங்க சுவத்துல சொத்தை விழுந்திருக்கே. வெளியில பூசி மறைச்சா உள்ள இருக்கிற ஈரம் போயிடுமா? இதைக் காட்டாம இந்த வாடகை சொல்றீங்க. இது எத்தனை மாசமா பூட்டிக் கெடக்கு?"

டாக்டர் தடுமாறினார். வீட்டுக்காரம்மா விடவில்லை. வாழ்நாளெல்லாம் வீட்டை வாடகைக்கு விட்டவர். வாடகைக்கு விடுபவர் எங்கே வழுக்குவார் என்பது அவருக்கு அத்துப்படி. சித்தப்பா, "அம்மா, வேண்டாம்மா... அம்மா..." என்று பின்னாலிருந்து கிசுகிசுத்துப் பார்த்தார். அவர் காதில் வாங்கினால்தானே! வாடகை படிப்படியாக இறங்கியது. கடைசியில் டாக்டர் களைத்துப்போய் ஒரு தொகை சொன்னார். நாங்கள் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த வாடகைக்கு அது வெகு பக்கத்தில் இருந்தது.

"போதுமா? இதுக்கு மேல என்னைப் பிடுங்காதீங்க. நாளைக்கே சாவி வாங்கிக்குங்க."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். ஒரு வீடு எங்களைப் பார்த்து 'வா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி ஜன்னலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"நல்ல வீடுங்க" என்றார் சித்தப்பா. "ஆனா எங்களுக்கு வீடு இருக்கு."

"அப்புறம் எதுக்கய்யா வந்தீங்க?"

சித்தப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. "பாக்கத்தாங்க வந்தோம். மன்னிச்சுக்குங்க."

டாக்டர் அடித்துச் சாத்திய கதவின் சத்தம் தெருமுனை வரை எங்களோடு வந்தது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, கடலைப் பொட்டலம் ஒரு சுற்று வந்த பிறகுதான் வீட்டுக்காரம்மா சித்தியிடம் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஜன்னல்கிட்ட நீ நின்ன நிப்பைப் பாத்தேனே. ஏன் வேணாம்னே?"

"காலையில நீங்க மேல வாளியை நங்குனு வெக்கிற சத்தத்துலதான் நான் எந்திரிக்கிறேன். அங்க போனா அலாரம்ல வாங்கணும்?"

"என் வாளியா உனக்குக் கேலியா இருக்கு?" என்றார். ஆனால் முகம் இளகியிருந்தது.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கம் போல ஆரம்பித்தார். "சரி, முன்னறை பிள்ளைங்களுக்கு. நடு அறை எங்களுக்கு. அந்தப் பின்னறையை என்ன பண்றது?"

"பின்னறை எனக்கு" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஈரம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று சிட்டு பாய்ந்தாள்.

"அது வாடகையைக் குறைக்கச் சொன்னது. இப்ப நான் குடியிருக்கப் போறேன்ல? எதுத்த சுவரோரமா கட்டில். கதவுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். மரம் தெரியுற மாதிரி ஒரு நாற்காலி."

"நாற்காலி ஒண்ணு போதுமாம்மா?" என்று கேட்டார் சித்தப்பா, ஏதோ தச்சருக்குச் சொல்லி அனுப்பப்போகிறவர் போல.

வீட்டுக்காரம்மா எங்களை விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு எப்படிப் போதும்? நீங்கள்லாம் வந்தா எங்க உக்காருவீங்க? நாலு சேத்துப் போடுங்க."

"இடம் பத்தாதும்மா" என்றார் சித்தி.

"பத்தலைன்னா கட்டிலை எடுத்து வெளிய போடுங்க. என் அறை, என் இஷ்டம்."

சிட்டு என் தோளில் சாய்ந்து சிரித்தாள். சித்தி கடலைத் தோலை ஊதிவிட்டு, யாரையும் பார்க்காமல், "அப்ப அந்தப் பலகை?" என்றார்.

"தம்பி, இருட்டுறதுக்குள்ள போய்க் கழட்டிடுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "நாளைக்கு யாராவது வீடு பாக்கணும்னு வந்து நின்னா, நெஜமா வந்திருக்காங்களா சும்மா வந்திருக்காங்களான்னு எனக்கு இனிமே சந்தேகமாவே இருக்கும்."