சுருள் மாற்றிய நேரம்

சிரில் ஓல்ட்ராய்டுக்கு உயரம் என்றால் உயிரே போய்விடும். அப்படிப்பட்டவரைத்தான் தொலைக்காட்சி நிலையம் சனிக்கிழமைதோறும் கால்பந்து மைதானத்தின் கூரைமேல் ஏற்றிவிட்டது. அதுவரை யார்க்‌ஷயர் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர். ஞாயிறு மதியம் ஊரே உட்கார்ந்து பார்க்கும் ஆட்டத் துணுக்குகளுக்கு அவருடைய ஒற்றைக் கேமராதான் கண்.

கூரையைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பிலிம் சுருள் பத்து நிமிடம்தான் ஓடும். பந்து வெளியே போகும் நேரம் பார்த்துச் சட்டென்று அடுத்ததை மாட்ட வேண்டும். மாட்டும்போது கோல் விழுந்தால் வேலை போச்சு. அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்.

அறுபத்தாறாம் வருஷம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பந்து கூட்டத்துக்குள் விழுந்தது. நம் ஜனங்கள் அதைத் திருப்பித் தருவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். அந்தத் தைரியத்தில் சிரில் கேமராவைத் திறந்தார். எந்தப் புண்ணியவானோ பந்தை உடனே வீசிவிட்டான். மைதானம் அலறியது. அவர் மூடி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தபோது கோல் வாயில் சேற்றில் குப்புறக் கிடந்தான் ஒருவன். அவன்மேல் ஏழெட்டுப் பேர். கிடந்தவன் கீத், சிரிலின் மனைவி எட்னாவுக்குத் தம்பி. அவன் ஆட வந்ததிலிருந்து இதுதான் முதல் கோல். அன்றைய ஆட்டத்திலும் அது ஒன்றுதான்.

ஞாயிறு விடிந்ததும், எட்னாவிடம்கூடச் சொல்லாமல், நிலையத்தில் படத்தை வெட்டி ஒட்டும் பெரிலிடம் ஓடினார்.

"பெரில், கோலை நான் எடுக்கலம்மா. என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"சரியான பயந்தாங்கொள்ளி நீங்க! கொஞ்சம் முன்னாடி அதே பக்கம் உங்க மச்சினன் இடது கால்ல ஒண்ணு அடிச்சு வெளிய போச்சே, அது இருக்கு. வெளிய போறதுக்குள்ள வெட்டிட்டு, சேத்துல கிடக்கறதை ஒட்டிடறேன். வர்ணனையாளர் கத்தினது தனியா டேப்ல இருக்கு. வாயை மட்டும் மூடிக்குங்க."

மதியம் மாமியார் வீட்டில் தெருவே கூடியிருந்தது. எல்லார் மடியிலும் மாட்டிறைச்சித் தட்டு. சிரில் கீத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இது என் கோல் இல்லை' என்று கீத் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. திரையில் இடது கால் வீசியது, வர்ணனையாளர் கத்தினார், தெரு துள்ளியது.

"என்ன அடிடா என் கண்ணு!" என்று மாமியார் மகனைக் கட்டிக்கொண்டார்.

கீத்தின் முகம் வெளுத்திருந்தது. சிரிலைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனான்.

"மச்சான், கோல் அது இல்ல."

"தெரியும்டா. சுருள் மாத்திட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? வழுக்கி விழுந்தேன், எவனோ அடிச்ச பந்து என் பின்பக்கத்துல பட்டு உள்ள போச்சு! டிவில காட்டினா ஊரே சிரிக்குமேன்னு ராத்திரி பூரா கண்ணை மூடல. தெய்வம் மச்சான் நீங்க!"

இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை வரைதான். மைதானத்தில் ஆள் குவியல் மறைத்ததால் கோல் விழுந்த விதம் தெரியாமல் போன அணி மேலாளர், நிகழ்ச்சியைப் பார்த்து அப்படியே நம்பிவிட்டார்.

"இந்த இடது காலை இத்தனை நாள் எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே? இனிமே பெனால்டி வந்தா நீதான்."

மறுநாளே, கடைசி நேரத்தில் பெனால்டி வந்தது. கீத் பந்தை வைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அவன் கால் நடுங்குவது கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இருந்தது அப்போதுதான் மாட்டிய புதுச் சுருள், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிரிலின் கண்முன் வேலை, வீட்டு வாடகை, எட்னாவின் முகம், எல்லாம் வந்து போயின. இருந்தும் கேமராவைத் திறந்து சுருளை வெளியே எடுத்தார்.

பந்து மதிலைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டப் படம் இல்லை. பெரிலாலும் இந்த முறை ஒன்றும் செய்ய முடியவில்லை; சிரிலின் வேலை போனது.

ஊரில் இன்றும் கீத்தின் இடது காலைப் பற்றித்தான் பேச்சு. சிரில் கல்யாணப் படத்துக்கே திரும்பிப் போனார். அங்கே மோதிரம் போடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.