பிந்தி வந்த கோபம்

சந்தியோகுவின் கோபத்தை அறியாத ஆள் குறிஞ்சிப்பிட்டிக் கரையில் இல்லை. கரைவலைக்கு மண்டாடி அவர். வலையை எங்கே வளைப்பது, எந்தப் பக்கத்துக் கயிற்றை எவ்வளவு வேகமாக இழுப்பது என்று சொல்கிறவர். சொல்கிறவர் என்பது மரியாதைக்கு, உண்மையில் கத்துகிறவர். இந்தக் கயிற்றடியில் நின்று அவர் கத்தினால் அந்தக் கயிற்றடியில் இழுக்கிறவனுக்குத் தெளிவாகக் கேட்கும். தொழிலுக்கு அது தேவைதான். ஆனால் மனுசன் வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை.

தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனம் செய்ய அவர் தவறுவதில்லை. முப்பத்திரண்டு வருடமாக ஒரே பாவம். பங்குச் சுவாமிமார்தான் மாறினார்கள். ஒருவர் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இன்னொருவர், கோபம் வரும்போது தண்ணீர் குடியும் என்றார். புதிதாக வந்த இளம் சுவாமியோ இது உங்கள் சுபாவம் என்று ஆறுதல் சொல்லப் போக, அதற்கும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போகப் போக வெட்கமாகவும் அலுப்பாகவும் இருந்தது. திரும்பவும் வந்துவிட்டானே இவன் என்று ஆண்டவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தார்.

அந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவரால் விழுங்க முடியாததாக நின்றது. ஐந்து வருடத்துக்கு முன், தேத்தண்ணீர் பிந்திப் போச்சென்று, மகள் ஜூலியானாவைக் கரையில் எல்லாருக்கும் முன்னால் கயிற்று நுனியால் முதுகில் அடித்தார். இருபது வயதுப் பிள்ளை. அவள் அழவில்லை. கேத்தலை மணலில் வைத்துவிட்டுப் போனவள், சிலாபத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, அங்கேயே அமலதாஸ் என்பவனைக் கலியாணமும் செய்துகொண்டாள். அவனுக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுக்கும் வேலை. தாய்க்கு மட்டும் கடிதம் வரும். தகப்பனை ஒரு வரியிலும் விசாரித்ததில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தவக்காலத்தில் வந்த கடிதத்தை டொறத்தி இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கணவனிடம் சொன்னாள்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாளைக்கு வாறாளாம். நீங்கள் சத்தம் போட்டால் அடுத்த பஸ்ஸிலயே திரும்பிப் போவன், பிறகு இந்தப் பக்கமே வரமாட்டன் எண்டு எழுதியிருக்கிறாள்."

"நான் வாயே திறக்கமாட்டன். போதுமே?" என்றார் சந்தியோகு. அதைக்கூடச் சத்தமாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அமலதாஸும் சேர்ந்து மூவருமாக வந்தார்கள். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி ஏற்றியதில் இரண்டு வயதுக் குழந்தை வாடிப் போயிருந்தது. சந்தியோகு "வாங்கோ" என்றார், பிறகு பேசவில்லை. பேசப் பயமாக இருந்தது. சாப்பாட்டில் உப்புக் கூடியிருந்தது, அதையும் விழுங்கினார்.

மறுநாள் வலை. வடக்குக் கடலில் ஏதோ நடந்ததென்று பதினொரு நாளாக நேவி ஒரு தோணியையும் இறக்க விடவில்லை. கரையில் பாதி வீடுகளில் பாணும் சம்பலுமாகவே நாள் போனது. சனிக்கிழமை விடியத்தான் அனுமதி கிடைத்தது. நானும் பிடிக்கிறேன் மாமா என்று அமலதாஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வடக்குக் கயிற்றின் முன்னுக்கு நின்றான். ஜூலியானா குழந்தையை இடுப்பில் வைத்தபடி சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

அவள் நிற்கிறாள் என்பதற்காக, அன்றைக்குக் கத்துவதில்லை என்று சந்தியோகு முடிவெடுத்திருந்தார். கையில் ஒரு துவாய்த் துண்டை வைத்துக்கொண்டு சைகை காட்டினார். பழகிய ஆட்கள் ஒருமாதிரி விளங்கிக்கொண்டார்கள். வலை கரையை நெருங்கியது. மேலே பறவைகள் வட்டமிட்டன. வலையின் மடி நிறையக் கீரிமீன். வடக்குப் பக்கம் கொஞ்சம் முந்துகிறது என்று கண்டு, மெதுவாக இழுங்கள் என்று துவாயைக் கீழே தாழ்த்தி ஆட்டினார்.

அமலதாஸுக்கு அது 'இன்னும் பலமாக' என்று பட்டது. மாமனாருக்கு முன்னால் சளைத்துப் போகக்கூடாதென்று மூச்சைப் பிடித்து இழுத்தான். மண்டாடியின் மருமகன் இழுக்கிறான், மண்டாடி சொல்லாமலா இழுப்பான் என்று பின்னால் நின்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு பக்கம் முந்தியதில் வலை முறுகி, அடிக்கயிறு நிலத்தை விட்டுக் கிளம்பியது. பதினொரு நாள் காத்திருந்து கண்ட மீன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடியால் போய்விட்டது. மடியில் இரண்டு கூடைக்கும் காணாது.

கரை அப்படியே நின்றது. எல்லாரும் சந்தியோகுவின் வாயைப் பார்த்தார்கள். ஜூலியானா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோபம் வராமல் இல்லை. "டேய்" என்ற சொல் வாயை விட்டே போய்விட்டது. அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்கும் தெரியாது. தொண்டையில் தேடிப் பார்த்தார். அங்கே களைப்புத்தான் இருந்தது. அமலதாஸ் வெளிறிப்போய் நின்றான். கயிறு வெட்டிய உள்ளங்கையிலிருந்து ரத்தம் மணலில் சொட்டியது.

"கையைக் காட்டும்," என்றார். துவாயால் சுற்றிக் கட்டினார். "உம்மில பிழையில்லை, தம்பி. நான் வாயால சொல்லியிருக்க வேணும்."

அவர் அப்பால் திரும்பியதும் பின்னால் ஒருவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது: "மனுசன் கத்தாத ஒரு நாளிலயே மீனெல்லாம் போயிட்டுது." ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். உண்மையில் கோபம் அப்போதுதான் முழுதாக வந்தது. வலை வைக்கும் வாடிக் குடிசைக்குப் பின்னால் போய்த் தனியே மணலில் குந்தி, அது அடங்கும்வரை இருந்தார்.

பின்னேரம் கோயிலில் அந்த இளம் சுவாமியிடம் முழந்தாளிட்டார்.

"கோபம் வந்தது, சுவாமி. ஆனால் பிந்தித்தான் வந்தது. ஆண்டவரின்ர வேலையோ, வயசு போன களைப்போ, எனக்கெண்டால் தெரியேல்லை."

"களைப்பையும் அவர் தன்ர வேலைக்கு எடுப்பார்," என்றார் சுவாமி. "ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும், போதும்."

முப்பத்திரண்டு வருடத்தில் ஒன்றே ஒன்று என்று கேட்டது அன்றுதான். சந்தியோகு வீட்டுக்கு நடந்தபோது மனம் ஏதோ லேசாக இருந்தது. படியில் ஜூலியானா குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். பேத்தியை ஒரு தரம் தூக்கவேண்டும் என்று ஆசை வந்தது. குனிந்து கையை நீட்டினார்.

ஜூலியானா சடாரென்று திரும்பிக் குழந்தையை நெஞ்சோடு மூடிக்கொண்டாள். தன் முதுகை அவருக்குக் காட்டியபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள். நினைத்துச் செய்ததல்ல. உடனே அவளுக்கே அது விளங்கி முகம் சிவந்தது. சோற்றுக் கோப்பை கவிழ்ந்திருந்தது.

"என்னடி இது, பெத்த தகப்பனை..." என்று டொறத்தி தொடங்கினாள்.

"விடப்பா," என்றார் சந்தியோகு மனைவியிடம். அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "என்னை ஆண்டவர் எத்தினை வருசமாப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார். இவளுக்கு இப்பதானே அஞ்சு வருசம். நீ பிள்ளையை வைச்சிரு, மகள். நான் இதில தள்ளி இருக்கிறன்."

ஐந்தாறு அடி தள்ளி மணலில் உட்கார்ந்தார். ஜூலியானா சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, மிச்சத்தைக் குழந்தைக்குத் தீத்தத் தொடங்கினாள். அவள் எழுந்து உள்ளே போகவில்லை. அவரும் அதன் பிறகு கை நீட்டவில்லை.